பாக்கி ஐநூறு

பேரம் பேசுவதில் நான் புலி. பி.காம். படித்தவனாயிற்றே! அந்தப் புலியை ஒரு குரோஷா ஊசி பூனையாக்கிய கதை இது.

ஒரு கைவினைக் கண்காட்சி. ஆந்திராவின் நர்சாபூரிலிருந்து வந்திருந்த அம்மா ஒருவர், மெல்லிசான லேஸ் ஷால் ஒன்றை விரித்துக் காட்டி 1,200 ரூபாய் என்றார். பத்தடி நடந்து போய், பிறகு திரும்பி வந்து (அந்த ராஜதந்திரம் உங்களுக்கும் தெரியும்) 700-க்கு முடித்தேன்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "இதைப் பின்ன எத்தனை நாள் ஆகியிருக்கும்?"

"நாளா? மெஷின்ல போட்டா பத்து நிமிஷம்!"

மாமியார் ஷாலைத் தடவிப் பார்த்தார். "இல்லீங்க மாப்பிள்ளை. நிஜ குரோஷாவைப் போட மெஷினே கிடையாது. அது மாதிரி இருக்கறதைத்தான் மெஷின் போடும். இது முழுக்கக் கை வேலை."

"அப்படியென்ன கம்ப சூத்திரம்! நானே ஒண்ணு போட்டுக் காட்டறேன்." வாய் விட்டுவிட்டேன்.

மெல்லிய பருத்தி நூல், 3 மில்லிமீட்டர் ஊசி, குருவாக மாமியார். "நூல் மெல்லிசு, ஊசி கொஞ்சம் பெரிசு. அப்பத்தான் கண்ணி தளர்ந்து காத்து மாதிரி இருக்கும். இறுக்கினா கால்மிதி ஆயிடும்" என்றார். முதல் வாரம் நான் போட்டது கால்மிதி.

மருமகனைத் திட்ட முடியாதல்லவா? அதனால் அவர் பாணியே தனி. "ரொம்ப அழகா இருக்குங்க மாப்பிள்ளை... பிரிச்சிடுங்க."

பிரிப்பது சுலபம். குரோஷாவில் எந்த நேரமும் ஊசியில் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும். அதை இழுத்தால் மூன்று நாள் உழைப்பு மூன்று நிமிஷத்தில் நூலாகிவிடும்! ஒவ்வொரு வரிசை ஓரத்திலும் ஒரு கண்ணியை விட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். டிரையல் பாலன்ஸ் டாலி ஆகாத அதே பழைய வியாதி.

தாம்பரம்–பீச் ரயிலிலும் பின்னினேன். "மீன் வலையா சார்?" என்றார் ஒரு பெரியவர். "வீட்ல ஏதாவது பிரச்னையா பிரதர்?" என்று தோளைத் தொட்டான் ஒரு இளைஞன்.

முக்கோண ஷால் அது. கழுத்துப் பக்கம் நாலு கண்ணியில் தொடங்கி, வரிசைக்கு வரிசை அகலும். அறுபது வரிசையில் முப்பது முடிந்த அன்று, பாதி முடிந்ததென்று வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன். மாமியார் அல்வாவைத் தின்றுவிட்டுச் சொன்னார்: "கால்வாசிதான் ஆச்சு. மேல போகப் போக வரிசை நீளமில்லையா?" கணக்குப் போட்டேன். கால்வாசியேதான்!

1840-களில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது எத்தனையோ குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது இந்த ஊசிதான் என்று படித்தேன். 2024-ல் திண்டுக்கல் பூட்டு போலவே புவிசார் குறியீடு வாங்கியதும் நர்சாபூர் குரோஷா லேஸ்தான். அதைத்தான் நான் கத்தரிக்காய் மாதிரி பேரம் பேசியிருக்கிறேன்.

ஒருவழியாக முடித்து, நனைத்து, மெத்தையில் இழுத்துக் குண்டூசி குத்திக் காய வைத்தோம். சுருங்கிக் கிடந்த பூவெல்லாம் விரிந்தது. அன்று இரவு எனக்குத் தரைதான்!

டைரியில் குறித்து வைத்த நேரத்தைக் கூட்டினேன். 94 மணி. "பழகின கைக்கு முப்பது மணி போதும்" என்றார் மாமியார். சரி, முப்பதே இருக்கட்டும். 700-ல் நூலுக்கு 200 போனால் மிச்சம் 500. மணிக்குப் பதினேழு ரூபாய்கூட வரவில்லை. ஒரு மணி நேர உழைப்புக்கு ஒரு டீ! அதுவும் இடையில் யாரும் கமிஷன் எடுக்காமலிருந்தால்.

மறுநாள் 500 ரூபாயை எடுத்துக்கொண்டு ஓடினேன். மைதானத்தில் வேறு ஏதோ பொருட்காட்சி. நர்சாபூர் அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் மிளகாய் பஜ்ஜி வெந்துகொண்டிருந்தது.

நான் பின்னிய ஷாலை மாமியார்தான் போர்த்திக்கொள்கிறார். ஊரெல்லாம் "மாப்பிள்ளை போட்டது" என்று பெருமை வேறு. அந்த 500 மட்டும் டைரியில், 'கொடுக்க வேண்டியவர்கள்' பக்கத்தில், பெயர் எழுதாமல் நிற்கிறது. பெயரைக் கேட்கத்தான் எனக்கு அன்றைக்கு நேரமில்லையே... பேரம் பேசிக்கொண்டிருந்தேன்!