கோடை எஃப்.எம் 100.5: மலைமேல் ஒரு வானொலி!

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் வளர்ந்தவர்களிடம் '100.5' என்று சொல்லிப் பாருங்கள். "கோடை எஃப்.எம்!" என்று சட்டென பதில் வரும். டீக்கடை, தையல் கடை, டவுன் பஸ் என எங்கும் ஒலித்த குரல் அது.

பெயரில்தான் கோடை. உண்மையில் இது அகில இந்திய வானொலியின் கொடைக்கானல் நிலையம். தனியார் எஃப்.எம்-கள் தலைகாட்டும் முன்பே ஒலிக்கத் தொடங்கியது. சென்னையில் 1977-லேயே எஃப்.எம் வந்துவிட்டாலும், தென்மாவட்டங்களுக்கு வெகுகாலம் மத்திய அலைதான். 1952-ல் அகில இந்திய வானொலி சினிமா பாட்டுக்குக் கெடுபிடி காட்ட, நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் சாய்ந்தார்கள். பாட்டு வரும், கூடவே கரகரப்பும் வரும். இடி இடித்தால் கேட்கவே வேண்டாம்!

அந்தக் கரகரப்பு இல்லாமல், அதுவும் இத்தனை மாவட்டங்களுக்குக் கேட்டது எப்படி? எல்லாம் மலையின் உபயம். எஃப்.எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். 100 மீட்டர் கோபுரத்திலிருந்து அதற்குத் தொடுவானம் சுமார் 40 கிலோமீட்டர்தான். கொடைக்கானலோ 2,000 மீட்டருக்கும் மேல். அங்கிருந்து கணக்குப் போட்டால் 180 கிலோமீட்டரைத் தாண்டுகிறது! ஒலிபரப்பியின் சக்தியும் குறுக்கே நிற்கும் மலைகளும் அதைக் குறைக்கும் என்பது வேறு விஷயம். மலையடிவாரத்துப் பள்ளத்தில் இருப்பவரைவிட, தூரத்துச் சமவெளிக்காரருக்குத் தெளிவாகக் கேட்கும் வேடிக்கையும் இதில் உண்டு.

இப்போது ஆப் இருக்கிறதே என்கிறீர்களா? ஆப்புக்கு டேட்டா வேண்டும், டவர் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானலையும் விடவில்லை. மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன, மின்சாரம் போனது. அப்படிப்பட்ட நாளில் டவர் படுத்துவிட்டால் ஸ்மார்ட்போனில் டார்ச் மட்டும்தான் மிச்சம். நிலையம் இயங்கினால் போதும், பேட்டரி ரேடியோ பேசும்.

ஆனால், புதிய போன்கள் பலவற்றில் எஃப்.எம் வசதியே இல்லை. பேரிடர் காலத்தைக் காரணம் காட்டி, அதை முடக்காமல் கொடுங்கள் என்று 2023-ல் மத்திய அரசு போன் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அறிவுரைதான், கட்டாயமில்லை!

உங்கள் போனில் 'எஃப்.எம் ரேடியோ' இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இருந்தால் ஒயர் ஹெட்செட்டைச் செருகுங்கள். பெரும்பாலான போன்களில் அந்த ஒயர்தான் ஆன்டெனா, ப்ளூடூத் உதவாது.