தவளைக்குமா சங்கம்?



அண்மையில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிளைக் கூட்டம். மருந்தடிக்கும் பெண்களின் குறைகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கையுறை, சம்பளம், மருத்துவச் சோதனை என்று எல்லாம் பேசி முடிந்தது. கடைசியாக, "ஓடைக் கரையில் மருந்தடிக்கக் கூடாது என்றும் நிர்வாகத்திடம் கேட்போம். தண்ணீர் கெடுகிறது, தவளைகூடச் சாகிறது" என்றேன். பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா எழுந்தார்.

"ஏந்தம்பி, நமக்கே நாதியில்ல. இதுல தவளைக்குமா சங்கம்?"

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன்.

நான் பிறந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்தில். பின்பக்கம் காடு. மழை விட்ட ராத்திரியில் எத்தனை விதமான குரல்கள்! பிறகு ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். காடும் போயிற்று. "இப்பவும்தான் தவளை கத்துதே" என்பீர்கள். உண்மைதான். தீபகற்ப மலேசியாவில் செம்பனைத் தோட்டத்தையும் காட்டையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. தோட்டத்திலும் தவளைகள் ஏராளமாகப் பெருகுகின்றன. ஆனால் அவை எந்த இடத்திலும் பிழைத்துக்கொள்ளும் சாதாரண வகைகள் என்று அது சொல்கிறது. சருகைப் போலவே இருக்கும் கொம்புத் தவளை காட்டுத் தரையை விட்டு நம் தீம்பாருக்கு வராது. சத்தம் குறையவில்லை, குரல்களின் வகைதான் குறைந்துபோயிற்று.

ஏன் அப்படி? தவளை தோலாலும் மூச்சு விடுகிறது. தண்ணீரையும் தோலாலேயே உறிஞ்சுகிறது. அதன் முட்டைக்கு ஓடு கிடையாது. நிழல் போய்த் தரை காய்ந்தால் அதற்குத் தாங்காது. தண்ணீரில் என்ன கலந்தாலும் நேரே உடம்புக்குள் போய்விடும். சுமார் 25 வருடத்துக்கு ஒருமுறை மறுநடவு என்று மரத்தை எல்லாம் சாய்க்கும்போது, தரை மொட்டை வெயிலில் கிடக்கிறது.

மரத்தவளையைப் பாருங்கள். கால்வாய் ஓரத்துப் புல்லிலும் செடியிலும் சோப்பு நுரை போலக் கூடு கட்டி, அதற்குள் முட்டையிடும். பொரிந்த தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழுந்து வளரும். கரைப் புல்லை மருந்தடித்துக் கருக்கிவிட்டால் அது எங்கே கூடு கட்டும்? கட்டினாலும் குஞ்சு எந்தத் தண்ணீரில் விழும்? கிளைபோசேட் கலந்த களைக்கொல்லி தலைப்பிரட்டைகளைக் கொல்லும் என்று 2005-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

இனி நம் கதைக்கு வருவோம். பாராகுவாட் மருந்தால் நம் பெண்களின் நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது. 2002-இல் அரசாங்கம் அதற்குத் தடை என்றது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரியில்தான். இடையில் போன வருடங்களுக்கு யார் பதில் சொல்வது? மருந்து தவளை வேறு, மனுஷன் வேறு என்று பார்ப்பதில்லை. தோளில் பம்பு சுமக்கும் அக்காவின் கையில் படுவதுதான் ஓடையிலும் கலக்கிறது. அந்த ஓடையில்தான் நம் பிள்ளைகள் மீன் பிடிக்கிறார்கள்.

தொழிலாளியைக் குறை சொல்லவில்லை. மண்டோர் காட்டிய இடத்தில் அடிக்கிறோம். அன்றைய கணக்கை அன்றே முடிக்க வேண்டுமே! ஆகவே கேள்வி நிர்வாகத்துக்குத்தான் போக வேண்டும். ஆற்றோரம் ஒதுக்கிவைக்க வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் அளவு இருக்கிறது: 5 மீட்டருக்கும் குறுகிய ஓடைக்குக் கரைக்கு 5 மீட்டர், 40 மீட்டருக்கு மேற்பட்ட ஆற்றுக்கு 50 மீட்டர். உங்கள் தோட்டத்தில் அந்த அளவு விடப்பட்டிருக்கிறதா? போய்ப் பாருங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் போடுவோம். ஒன்று, ஓடைக் கரையில் மருந்து கூடாது. இரண்டு, பம்பு கழுவத் தனி இடம் வேண்டும். ஓடையில் கழுவச் சொல்லக் கூடாது. மூன்று, வெட்டிய மட்டையை நிரைக்கு நடுவே அடுக்கிவிட வேண்டும், தீங்கில்லாத புல்லை விட்டுவைக்க வேண்டும். அந்த ஈரத்தில்தான் தவளை ஒதுங்குகிறது. நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் இதை அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்லுங்கள். பம்பு அவர்கள் தோளிலும்தானே இருக்கிறது!

அக்கா, தவளைக்குத் தனிச் சங்கம் வேண்டாம். நம் சங்கம் நம் தண்ணீருக்காக நின்றாலே போதும், அதுவும் பிழைத்துக்கொள்ளும்.