கொழும்பிலிருந்து ஒலித்த உள்ளூர் வானொலி

தென்பெண்ணைக் கரையில், கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் கரும்பு வயல்களுமாக இருக்கும் மூங்கில்துறைப்பட்டைப் போன்ற ஊர்களுக்கு ஒரு தலைமுறைக் காலம் உள்ளூர் வானொலியாக விளங்கியது, கடலுக்கு அப்பாலிருந்த கொழும்பு நிலையம். சென்னையும் திருச்சியும் அருகிலிருக்க இது எவ்வாறு நேர்ந்தது என்பதை நம் பண்பாட்டு வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு பேசவில்லை என்றே கருதுகிறோம்.

காரணம் முதலில் டெல்லியில் இருந்தது. 1952ல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரையிசை மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று எண்ணி, அகில இந்திய வானொலியிலிருந்து அதை ஏறத்தாழ விலக்கி வைத்தார். 1950ல் தொடங்கியிருந்த இலங்கை வானொலியின் வர்த்தக சேவைக்கு அது வலிய வந்த சீதேவி. இந்தியில் அமீன் சயானி வட இந்தியாவை ஈர்த்தார். தமிழில் எஸ்.பி. மயில்வாகனன் வழி திறந்தார், பின்னர் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் முதலியோர் தொடர்ந்தனர். 'பொங்கும் பூம்புனல்', 'இசையும் கதையும்' என்ற நிகழ்ச்சிப் பெயர்களே அவர்கள் தமிழை எப்படி மதித்தார்கள் என்பதற்குச் சான்று. ராஜாவின் பேச்சு மின்னல் வேகம். ஆயினும் ஓர் எழுத்தும் சிதையாது.

வீழ்ச்சி ஒரே நாளில் வந்ததன்று. 1957ல் விவித பாரதி பிறந்தது. டெல்லி தன் பிடிவாதத்தைத் தளர்த்தியது. 1967ல் விவித பாரதியும் விளம்பரம் ஏற்கத் தொடங்க, கொழும்பின் வருவாய்க்குப் போட்டி முளைத்தது. ஒலிநாடாவும் தொலைக்காட்சியும் நேயர்களைப் பங்கிட்டுக்கொண்டன. 1983க்குப் பின் இலங்கையில் தமிழ்க் குரலாக இருப்பதே ஆபத்தாயிற்று. கே.எஸ். ராஜா 1994ல் கொழும்பில் கொல்லப்பட்டார். இந்த வரலாற்றை வெறும் தொழில்நுட்ப மாற்றமாகச் சுருக்குவோர் அந்த மரணத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

2001 முதல் இந்தியாவில் தனியார் பண்பலை வந்தது. பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சிற்றலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு செல்லும். பண்பலையோ ஏறக்குறைய நேர்க்கோட்டிலேயே பரவும். கல்வராயன் மடிப்புகளுக்குள் இருக்கும் சிற்றூர்களுக்கு முன்னால் மலை குறுக்கே நிற்கிறது. அலையைவிடப் பெரிய தடை வணிகம்: விளம்பரம் திரளும் நகரத்தில்தான் நிலையம் அமைகிறது, அறிவிப்பாளரும் நகரத்தை நோக்கியே பேசுகிறார். கொழும்புக்காரர் எங்கோ இருந்த சிற்றூரின் பெயரை நேயர் விருப்பத்தில் படித்தபோது, அந்த ஊர் தமிழுலகின் வரைபடத்தில் ஒரு புள்ளியாயிற்று. பாடல் முடிந்தும் நினைவில் நின்றது அதுதான்.

பழைய பாட்டின் மீதுள்ள மோகத்தால் இதைச் சொல்லவில்லை. அச்சில் ஏறியது மட்டுமே இலக்கியம் என்ற நம் பழக்கம், இத்தனை பேரின் உச்சரிப்பையும் சொல்லாட்சியையும் செதுக்கிய ஒரு நிறுவனத்தை ஏட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டது. வீடுகளில் நேயர்கள் பதிந்து வைத்த ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்து அழியுமுன் அவற்றைத் திரட்டுவது சிற்றிதழ்களும் பல்கலைக்கழகங்களும் செய்யத் தக்க வேலை. 2006ன் விதிகள் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்த வழிவிட்டுள்ளன. கள்ளக்குறிச்சி 2019ல் தனி மாவட்டமாயிற்று. மலையூர்களின் பெயரைச் சொல்லிப் பேசும் ஒரு சிறு நிலையம் அங்கே ஒலிக்குமானால், கொழும்பு கற்பித்த பாடம் வீண் போகாது.