கடவுள் சாட்சியாக

கடவுள் உண்டா, இல்லையா என்று தர்க்கம் செய்வதற்கு நம் வீட்டுத் திண்ணைகளில் ஆள் குறைவு இருந்ததே கிடையாது. ஆனால், கடவுள் இல்லை என்கிறவனுடைய வாக்கை நம்பலாமா என்ற கேள்வி அவ்வளவு சுலபமாகத் திண்ணையோடு முடிவதில்லை. இங்கிலாந்தின் பார்லிமெண்டே அதை வைத்துக்கொண்டு ஆறு வருஷம் திண்டாடியது.

1880-ம் வருஷத்தில் நார்தாம்ப்டன் நகரத்தார் சார்லஸ் பிராட்லா என்பவரைக் காமன்ஸ் சபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் பகிரங்கமான நாஸ்திகர். கடவுள் பெயரால் பிரமாணம் செய்வதற்குப் பதிலாக வெறும் உறுதிமொழி கூற அனுமதி கேட்டார், சபை மறுத்தது. சரி, வழக்கமான பிரமாணத்தையே செய்கிறேன் என்றார். நம்பிக்கையில்லாதவன் செய்யும் பிரமாணம் அவனைக் கட்டுப்படுத்தாது என்று அதையும் மறுத்தார்கள். ஓர் இரவு பார்லிமெண்டின் மணிக்கூண்டிலே அடைத்தும் வைத்தார்கள். நகரத்தாரோ விடாப்பிடியாக அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். கடைசியில் 1886-ல் அவருக்கு ஆசனம் கிடைத்தது. 1888-ல் அவருடைய முயற்சியாலேயே உறுதிமொழிச் சட்டமும் நிறைவேறியது.

இதிலுள்ள வேடிக்கையை நேயர்கள் கவனிக்க வேண்டும். முதல் நாளே பிராட்லா வாய்க்குள் நாலு வார்த்தை முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒருவரும் அவரைத் தடுத்திருக்க மாட்டார்கள். மனத்திலுள்ளதை மறைக்காமல் சொன்னதுதான் அவர் செய்த குற்றம்! பொய் சொல்லியிருந்தால் யோக்கியர். மெய் சொன்னதால் நம்பத் தகாதவர்!

பிராட்லா நம் தேசத்துக்காகவும் ஓயாமல் வாதாடியவர். 1889-ல் பம்பாய்க் காங்கிரஸுக்கு வந்திருந்தார். 1891-ல் அவர் இறந்தபோது, லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தியடிகள் மயானத்துக்குச் சென்றார். திரும்பும்போது, ரயில் நிலையத்தில் ஒரு நாஸ்திகர் பாதிரியார் ஒருவரை மடக்கி, உமது கடவுள் எவ்வளவு பெரியவர், எங்கே இருக்கிறார் என்று கேட்டு ஏளனம் செய்ததைக் கண்டார். பாதிரியார் பணிவுடன் மௌனமானார். நாஸ்திகத்தின் மேல் தமக்கிருந்த வெறுப்பு அன்று அதிகமாயிற்று என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆயினும் 1931-ல், கடவுளே சத்தியம் என்று சொல்லி வந்ததை மாற்றி, சத்தியமே கடவுள் என்றார். நாஸ்திகரும் சத்தியத்தை மறுப்பதில்லை என்பது அவர் கூறிய காரணங்களில் ஒன்று.

1949 அக்டோபரில், நமது அரசியல் சட்டத்தின் முகவுரையைக் கடவுள் பெயரால் தொடங்க வேண்டும் என்ற பிரேரணை அரசியல் நிர்ணய சபையில் வந்தது. ஆதரவு 41, எதிர்ப்பு 68. எதிர்த்தவர்களில் பக்திமான்களும் இருந்தார்கள். பதவி ஏற்பவர்கள் கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம் என்று அந்தச் சட்டம் இரண்டு வழிகளையும் திறந்து வைத்திருக்கிறது.

ஆணையிட்டவர்களில் எத்தனை பேர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், உறுதி கூறியவர்களில் எத்தனை பேர் காப்பாற்றினார்கள் என்று கணக்கெடுத்தால், இரு தரப்பாரும் சற்றுத் தலை குனிய வேண்டியிருக்கும். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு திண்ணைத் தர்க்கத்தைத் தொடரலாம்.