அடுத்த அறைக் கதவு

பெல்ஜிய நாட்டு லூவேன் நகரில் நாம் மாணவராய்த் தங்கியிருந்த காலத்தில், விடுமுறை வாரம் ஒன்றைச் சுற்றிப் பார்ப்பதிலேயே கழித்தோம்.

திங்களன்று பல்கலைக்கழக நூலகம். 1914-இலும் 1940-இலும் போர்த்தீயில் எரிந்து, இருமுறையும் மீண்டெழுந்தது அது. புதனன்று, பெகீன்கள் எனப்பட்ட பக்திப் பெண்டிர் முற்காலத்தில் வாழ்ந்த செங்கல் வீடுகள். வெள்ளியன்று தலைநகர் பிரஸ்ஸல்ஸ்.

ஞாயிறன்று புனித அந்தோனியார் சிற்றாலயத்தில், புனித தமியானின் கல்லறைமுன் முழந்தாட்படியிட்டோம். 1873-இல் மொலொக்காய்த் தீவுக்குச் சென்று, தொழுநோயாளரின் புண்களைத் தம் கையால் கழுவிக் கட்டி, அந்நோயாலேயே 1889-இல் மாண்டவர் அவர். 1936-இல் அவரது உடல் தாய்நாடு வந்தது.

அங்கேதான் நம் மனச்சான்று நம்மைக் குத்திற்று. அடுத்த அறையில் காங்கோ நாட்டு மாணவர் ஒருவர் செவ்வாய்முதல் காய்ச்சலாய்க் கிடந்தார். அவர் இருமல் ஒலி நாள்தோறும் காதில் விழுந்தும், கதவைத் தட்டாமலே ஊர்சுற்றப் புறப்பட்டோம்.

அன்று மாலை சூடான கஞ்சியோடு தட்டினோம். “இவ்வாரம் இக்கதவைத் தட்டியவர் நீங்கள் ஒருவரே” என்றார் அவர். நாணித் தலைகுனிந்தோம்.

பெற்றோரே, அயல்நாட்டிலுள்ள உங்கள் பிள்ளைகளிடம், “எதைப் பார்த்தாய்?” என்று மட்டும் கேளாதீர்கள், “யாரைப் பார்த்தாய்?” என்றும் கேளுங்கள்.