தெருவுக்கும் தலையெழுத்தா?

"அடடா! அதுவன்றோ நகரம்! தெருவிலே ஒரு காகிதத் துண்டு கிடையாது; காறித் துப்புவார் கிடையாது. பச்சை விளக்கு எரியும் வரையில் பாட்டியும் நிற்கிறாள், பள்ளிச் சிறுவனும் நிற்கிறான். பேருந்துக்கு வரிசை, பலகாரக் கடையிலும் வரிசை! நம் ஊரும் ஓர் ஊரா? நம் மக்களும் மக்களா? அந்த ஒழுங்கெல்லாம் பிறவியிலேயே வரவேண்டும் ஐயா!"

மீனம்பாக்கத்தில் விமானத்தை விட்டிறங்கி, திரிசூலத்தில் மின்சார ரயிலேறி, தாம்பரத்தில் கால் வைப்பதற்குள் இந்தப் பல்லவியைப் பாடி முடித்துவிடுகிறவர்கள் பலர். சென்றது சிங்கப்பூர், தங்கியது பத்து நாள், கொண்டு வந்தது இரண்டு பெட்டி நிறையப் பொருளும் நெஞ்சு நிறையப் பெருமூச்சும்!

அவர் கண்டது பொய் என்று நாம் கூறவில்லை. தூய தெரு தூய தெருதான். அதைப் பாராட்டுவதிலே தவறில்லை. கண்டதிலிருந்து அவர் எடுத்த முடிவு இருக்கிறதே, அதைத்தான் மறுக்கிறோம். 'பிறவியிலேயே வரவேண்டும்' என்றாரே, அந்தச் சொல் சாங்கி விமான நிலையத்திலே வாங்கிய சொல்லா? அன்று! பிறப்பால் ஒருவன் உயர்ந்தவன், பிறப்பால் ஒருவன் தாழ்ந்தவன் என்று ஓதிய பழைய மனுநீதியே, இன்று கோட்டு மாட்டிக்கொண்டு, கடவுச்சீட்டும் கையுமாக வந்து நிற்கிறது!

ஆராய்ந்து பார்ப்போம், தோழர்களே! தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலப் படிக்கட்டின் மூலையிலே வெற்றிலைச் சாற்றைத் துப்பியவர் யார்? நம்மவர். சாங்கியிலே இறங்கியதும் மிட்டாய்த் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குப்பைத் தொட்டி எங்கே என்று தேடியவர் யார்? அவரேதான்! இடையிலே கழிந்தது நான்கு மணி நேரப் பயணம். அந்த நான்கு மணி நேரத்திலே அவருடைய இரத்தம் மாறிற்றா, எலும்பு மாறிற்றா? மாறியது சூழ்நிலை. அங்கே கைக்கெட்டும் தொலைவில் தொட்டி உண்டு. தொட்டியைக் காலியாக்க ஏற்பாடு உண்டு. துப்பினால் தண்டம் உண்டு. 'நான் யார் தெரியுமா?' என்ற மந்திரம் அங்கே பலிப்பதில்லை. அந்த நகரிலே தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர் உண்டு. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. தமிழனுக்குப் பிறவியிலேயே ஒழுங்கு வராது என்பவர், அந்தத் தமிழரை எந்தக் கணக்கிலே எழுதுவார்?

அந்த நகரங்களேனும் பிறக்கும்போதே பளபளப்புடன் பிறந்தனவா? ஏடுகளைப் புரட்டுங்கள். 1858ஆம் ஆண்டுக் கோடையிலே லண்டன் மாநகரின் தேம்ஸ் ஆறு நாறிய நாற்றத்திலே பார்லிமெண்ட் உறுப்பினர்கள் உட்கார முடியவில்லை. சுண்ணாம்புக் கரைசலில் நனைத்த திரைகளைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள், பயனில்லை. யாகம் வளர்த்தா நாற்றம் தீர்ந்தது? சட்டம் இயற்றினார்கள், பணம் ஒதுக்கினார்கள், பேசல்ஜெட் என்ற பொறியாளர் பூமிக்கடியிலே பெருங்கால்வாய்கள் கட்டினார். காலராவும் அந்நகரை விட்டு ஓடிற்று.

சிங்கப்பூர் ஆறும் ஒரு காலத்தில் சாக்கடையாகத்தான் கிடந்தது. பன்றிப் பண்ணைக் கழிவும் தெருக்கடைக் கழிவும் அதிலே கலந்தன. 1977இல் தொடங்கிய தூய்மைப் பணி 1987இல்தான் நிறைவேறிற்று. எடுப்புக் கக்கூசின் வாளி அந்நகரை விட்டு ஒழிந்ததும் அதே 1987இல்தான். தெருவோரத்தில் சோறு விற்றவர்களுக்குத் தண்ணீர்க் குழாயும் வடிகாலும் அமைந்த உணவுக்கூடங்களைக் கட்டி, அங்கே குடியேற்றினார்கள். பத்து நாள் பயணிக்குத் தெரிவது பளிங்குத் தெரு. தெருவுக்குக் கீழே ஓடும் குழாயும், அதற்குப் பின்னே கிடக்கும் பல்லாண்டு உழைப்பும் அவர் கண்ணில் படுவதில்லை. வெளிநாட்டுத் தொழிலாளரை லாரியின் பின்புறத்தில் ஏற்றிச் செல்லும் காட்சியும் படுவதில்லை. கோயிலைத் தொழ மறுக்கும் பகுத்தறிவாளன், சிங்கப்பூரைத் தொழவும் தேவையில்லை. கற்க வேண்டியதைக் கற்றால் போதும்.

இனி நம் தெருவுக்கு வருவோம். இங்கே குப்பை ஏன் கிடக்கிறது? 'எறிவது என் உரிமை. அள்ளுவது அவன் பிறப்பு' என்ற எண்ணம் இருப்பதால் கிடக்கிறது! வீட்டுக்குள்ளே கோலம், பூசை, மடி, ஆசாரம். வாசற்படிக்கு வெளியே எச்சில் இலை! வீட்டின் தூய்மை புண்ணியம். தெருவின் தூய்மை ஒரு சாதியின் தலைவிதி! துடைப்பத்தைச் சாதியின் கையிலே கொடுத்த நாட்டில், துடைப்பத்துக்கு மதிப்பு ஏது? கூலி ஏது? கருவி ஏது? லண்டனிலே பொறியாளனைத் தேடினார்கள். இங்கே குழிக்குள் இறக்க மனிதனைத் தேடுகிறார்கள்!

மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதற்குத் தடை என்று 1993இல் ஒரு சட்டம். 2013இல் மற்றொரு சட்டம். கழிவுநீர்க் குழியில் மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் தருக என்றது உச்சநீதிமன்றம், 2014இல். முப்பது இலட்சம் தருக என்றது, 2023இல். இழப்பீட்டின் தொகை ஏறிற்று. குழியில் இறங்குவது நின்றபாடில்லை. துப்புரவுத் தொழிலாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினோம், மகிழ்ச்சிதான்! பெயரைப் போல வாழ்வு மாறியதா என்று கேட்கிறோம்.

2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி எழுந்தது. பலகை பெரிதாயிற்று, பார்வையும் பெரிதாக வேண்டாமா? பல்லாவரம் பெரிய ஏரியிலே பல ஆண்டு குப்பை கொட்டினார்கள். பெருங்குடியிலோ, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மார்பிலேயே குப்பை மலையை எழுப்பினார்கள்; எஞ்சிய சதுப்பு நிலம் உலக மதிப்பு வாய்ந்த ஈரநிலம் என 2022இல்தான் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஏரியும் சதுப்பும் பேசா. எனவே அங்கே கொட்டினார்கள். ஏழையின் குடியிருப்பும் பேசாது என்று நினைத்தால், அடுத்த வண்டி அங்கேதான் போகும்!

சாலையிலும் ஒரு வருணாசிரமம் உண்டு. ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க நிற்கும் கிழவியைப் பாருங்கள். கார் மேல்சாதி, இருசக்கர வண்டி இடைச்சாதி, கால்நடையாகச் செல்பவர் தீண்டப்படாதவர்! நடைபாதை இருக்கிற இடத்திலும் வண்டி நிற்கிறது. அவள் சாலையிலே இறங்குகிறாள். வெளிநாட்டிலே பாட்டி விளக்கைப் பார்த்து நின்றாள் என்றால், விளக்கு மாறினால் வண்டிகள் நிற்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு உண்டு. அந்த நம்பிக்கையைத் தராத நகரம், அவளிடம் ஒழுங்கை எதிர்பார்ப்பது எந்த நியாயம்?

வெளிநாடு சென்று வந்தோர் எல்லோரும் பெருமூச்சோடு நின்றுவிடவில்லை. இங்கிலாந்திலே மெண்டிப் மலைப் பகுதியில் காசநோய் மருத்துவமனை நடத்திய டாக்டர் டேவிட் சௌரி முத்து, 1928இல் தாம்பரத்தில் ஒரு காசநோய் மருத்துவமனையை நிறுவினார். 'இந்நாட்டு மக்களுக்கு இருமுவதுதான் விதி' என்று அவர் கைகட்டி நிற்கவில்லை. இன்றும் தாம்பரம் சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையமே அந்தப் பணியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பயணத்தின் பயன் அது!

ஆகவே, இளைஞர்களே! வெளியூர் சென்று வந்தவர் பெருமூச்சு விட்டால், அவரை வார்டுக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். தெருவுக்குத் தெரு தொட்டி எங்கே, நாள்தோறும் அள்ளும் வண்டி எங்கே, பெண்கள் நுழையத்தக்க பொதுக் கழிப்பிடம் எங்கே, குழியில் இறங்க இயந்திரம் எங்கே, தூய்மைப் பணியாளருக்கு நிரந்தர வேலையும் நிறைந்த ஊதியமும் எங்கே என்று அவரையும் சேர்ந்து கேட்கச் செய்யுங்கள். கேட்குமுன், அவரவர் வீட்டுக் குப்பையை அவரவர் கையாலே பிரித்துக் கொடுக்கும் பழக்கத்தைத் தொடங்குங்கள். துடைப்பம் தொட்டால் தீட்டு என்ற நினைப்பு அந்தக் கையிலிருந்துதான் முதலில் உதிர வேண்டும்.

தெருவின் தலையெழுத்தைப் பிரம்மன் எழுதவில்லை. எழுதியவர் மனிதர்; அழித்து எழுதுவோம் நாம்!