தேமலா, தொழுநோயா? ஆயின்மென்ட் வாங்கும் முன் ஒரு செல் பாடம்

மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் வெயிலுக்கும் வியர்வைக்கும் பஞ்சமில்லை. முதுகில் வெளிறிய திட்டு தெரிந்தால், "தேமல்தான், மெடிக்கல்ல ஆயின்மென்ட் வாங்கிப் போடு, சரியாயிடும்" என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால், தொழுநோயும் இதே மாதிரி வெளிறிய திட்டாகத் தொடங்கலாம்.

ஒரே போலத் தெரியும் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பள்ளியில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன அட்டவணைதான்: புரோகேரியோட், யூகேரியோட்.

செல்லுக்குள் என்ன இருக்கிறது?

தொழுநோயை உண்டாக்கும் பாக்டீரியாவை 1873-ல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். அது புரோகேரியோட். உட்கரு உறை கிடையாது, மைட்டோகாண்ட்ரியா கிடையாது. டிஎன்ஏ செல்லுக்குள் அப்படியே கிடக்கும். ரைபோசோம் 70எஸ் வகை.

தேமலுக்குக் காரணமான மலசீசியா ஒரு பூஞ்சை, யூகேரியோட். உறையிட்ட உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, 80எஸ் ரைபோசோம் எல்லாம் உண்டு. அதாவது, பூஞ்சையும் மனிதனும் ஒரே கட்சி!

மருந்து எங்கே அடிக்கிறது?

தொழுநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், பாக்டீரியா ஆர்என்ஏ தயாரிக்கும் நொதியை முடக்குகிறது. நம் உட்கருவில் அதே வேலையைச் செய்யும் நொதியின் அமைப்பு வேறு, அதனால் தப்பிக்கிறது. பூஞ்சையிடம் இவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. அதன் செல் சவ்வில் உள்ள எர்கோஸ்டெரால் போன்ற சில வேறுபாடுகளைக் குறிவைத்தே மருந்து தயாரிக்க வேண்டும். எனவே, தேமல் களிம்பு தொழுநோயைக் குணப்படுத்தாது. காலம்தான் வீணாகும். அதற்குள் நரம்பு பாதிக்கப்பட்டால் கை, கால் ஊனம் வரை போகலாம்.

செங்கல்பட்டு திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1955 முதல் இயங்குகிறது. 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005 டிசம்பரில் எட்டியது. ஆனால், "ஒழிஞ்சுபோச்சு" என்று அர்த்தமில்லை. புதிய நோயாளிகள் இன்றும் வருகிறார்கள்.

திட்டில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருக்கிறதா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். உணர்ச்சி இருந்தாலும், வாரக்கணக்கில் மாறாத திட்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கூட்டு மருந்து இலவசம்; 6 அல்லது 12 மாதத்தில் குணமாகும்.

அந்த அட்டவணையை மதிப்பெண்ணுக்காக மட்டும் நடத்துவது போதாது. எந்த மருந்து எதைக் கொல்லும் என்று சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால், கடைக்காரரிடம் கேட்கும் முன் டாக்டரிடம் போகத் தோன்றும்.